ஐந்து மாதமாகியும் கழுத்து நிற்கவில்லை, எல்லா ரிப்போர்ட்டும் நார்மல்: எக்ஸோம் சோதனை எடுக்கலாமா?

ஆவாரம்பூ:

எல்லோருக்கும் வணக்கம். தூத்துக்குடிப் பக்கம் எங்கள் ஊர். என் மகனுக்கு ஐந்து மாதம் முடியப்போகிறது, இன்னும் கழுத்து நிற்கவில்லை. இரண்டு கையையும் பிடித்து மெதுவாகத் தூக்கினால் தலை அப்படியே பின்னால் சாய்கிறது. அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால் நழுவிக் கீழே போகிறான். படுக்கப் போட்டால் காலிரண்டும் பக்கவாட்டில் விரிந்து பாயோடு பாயாகக் கிடக்கிறான்.

வயிற்றில் இருக்கும்போதே அசைவு குறைவு. கடைசிவரை தலை திரும்பாததால் சிசேரியன். பிறந்ததும் அழுதான், ஆனால் பக்கத்துக் கட்டிலுக்குக் கூடக் கேட்காத அழுகை. மார்பில் வைத்தால் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுத் தூங்கிவிடுவான். முதல் சில வாரம் மூக்கு வழியாக டியூப் போட்டுத்தான் பால் போனது. இப்போது பாலாடையில் புகட்டுகிறோம், ஒரு வேளைப் பாலுக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. பசித்து எழுந்து அழுததே இல்லை. நாங்கள்தான் கடிகாரம் பார்த்து எழுப்பி எழுப்பிக் கொடுக்கிறோம். வலிப்பு வந்ததில்லை. இப்போது கொஞ்சம் தேவலாம், முகம் பார்த்துச் சிரிக்கிறான், என் குரல் கேட்டால் கண் தேடுகிறது. இரண்டு விரையும் இன்னும் இறங்கவில்லை, அதற்கு ஒரு வயதுக்குள் ஆபரேஷன் பண்ணலாம் என்றார்கள்.

தைராய்டு, தசை பாதிப்பைக் காட்டும் சிபிகே இரத்தச் சோதனை, மூளை எம்ஆர்ஐ, குரோமோசோம் எண்ணிப் பார்க்கும் கேரியோடைப் எல்லாம் எடுத்தாயிற்று, எல்லாம் நார்மல். ஒரு டாக்டர் பிறக்கும்போது மூளைக்கு ஆக்ஸிஜன் குறைந்திருக்கும் என்கிறார். இன்னொருவர் எக்ஸோம் என்று ஒரு மரபணு சோதனை எழுதிக் கொடுத்திருக்கிறார், விலையைக் கேட்டதும் என் கணவர் பேசாமல் எழுந்து வெளியே போய்விட்டார். அவர் என் அத்தை மகன்தான். அதனால் சொந்தபந்தம் எல்லாம் “சொந்தத்தில் கட்டினதால் வந்தது” என்று காதுபடவே பேசுகிறது. அத்தையோ உரம் (கழுத்துச் சுளுக்கு) விழுந்திருக்கிறது, ஆள் கூட்டிவந்து எடுக்க வேண்டும் என்று தினமும் சொல்கிறார்.

எனக்கு இரண்டு கேள்வி. கடன் வாங்கியாவது அந்தச் சோதனையை எடுக்க வேண்டுமா, அதற்கு முன் பார்க்க வேண்டியது ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா? அப்புறம், நோய்க்குப் பெயர் தெரிந்தாலும் மருந்து இல்லை என்று ஆகிவிட்டால், தெரிந்து என்ன பயன்?

வைகைக்கரை:

தங்கச்சி, உங்கள் பதிவில் “பசித்து எழுந்து அழுததே இல்லை” என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் மகளும் அப்படித்தான் இருந்தாள். வயிற்றில் அசைவு குறைவு, சத்தமில்லாத அழுகை, டியூப், கண்ணைத் திறக்காத தூக்கம், எல்லாமே. அவளுக்கு ப்ராடர் வில்லி சிண்ட்ரோம் என்ற மரபணுக் கோளாறு. இப்போது ஏழு வயது, பள்ளிக்கூடம் போகிறாள், பேசித் தள்ளுகிறாள்.

நான் டாக்டர் இல்லை, உங்கள் பையனுக்கும் அதுதான் என்று சொல்லவரவில்லை. ஆனால் நீங்கள் எடுத்த சோதனைகளில் இதைக் கண்டுபிடிக்கிற சோதனை ஒன்றுகூட இல்லை. 15வது குரோமோசோமுக்கு மெத்திலேஷன் சோதனை என்று கேளுங்கள், அங்கே எந்தப் பிரதி வேலை செய்கிறது என்று பார்ப்பது அது. எக்ஸோம் எடுத்தால் அதிலேயே தெரிந்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள், தெரியாமல் போக நல்ல வாய்ப்பு உண்டு, விவரம் தெரிந்தவர்கள் வந்து சொல்வார்கள். மெத்திலேஷனுக்கு எக்ஸோமைவிட ரொம்பக் குறைவான செலவுதான்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்லியே ஆக வேண்டும். பயன் என்ன என்றால், இந்தக் குழந்தைகள் முதலில் சாப்பிடவே மாட்டார்கள். அப்புறம் மெல்ல மெல்லத் தேறுவார்கள். இரண்டு வயதையொட்டி, சாப்பாடு கூடாமலே எடை ஏற ஆரம்பிக்கும். அதற்குச் சில வருடம் கழித்துப் பசி வரும், வந்த பசி அடங்காது. மூளையில் ஹைப்போதலாமஸ் என்று ஒரு பகுதி, வயிறு நிறைந்துவிட்டது என்கிற செய்தி இவர்களுக்கு அங்கே சரியாகப் போய்ச் சேராது. இது தெரியாத வீட்டில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். டியூபில் பால் குடித்த பிள்ளை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறது, எந்த அம்மாதான் வேண்டாம் என்பாள்? பாட்டி நெய் ஊற்றிப் பிசைந்து ஊட்டுவாள், மாமா பரோட்டா வாங்கி வருவார், கொழுகொழுவென்று ஆகிவிட்டான் என்று ஊரே திருஷ்டி சுற்றிப் போடும். அன்பாலேயே அந்தப் பிள்ளையின் உடம்பு கெடும். எடையால் மூச்சு, சர்க்கரை, இதயம் என்று ஒவ்வொன்றாக வரும்.

எங்களுக்கு முதல் வருடத்திலேயே தெரிந்ததால் அவளுக்குப் பசி வருவதற்கு முன்பே வீட்டை மாற்றிவிட்டோம். இட்லிப் பாத்திரம் அவள் கண்ணில் படாது, தட்டில் இரண்டு இட்லியும் கிண்ணம் நிறையக் காய் போட்ட சாம்பாரும்தான் வரும், எட்டு மணி என்றால் எட்டு மணி. அடுத்த வேளை என்ன, எப்போது என்று சமையலறைக் கதவில் படம் வரைந்து ஒட்டியிருக்கிறோம். அடுத்த சாப்பாடு நிச்சயம் வரும், நடுவில் எதுவும் வராது என்று தெரிந்தால் அவளுக்கே மனசு அமைதியாக இருக்கிறது. கதவுக்குப் பூட்டு உண்டு. கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தியில் யார் பக்கத்தில் உட்காருவது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வோம். வளர்ச்சி ஹார்மோன் ஊசி தினமும் ராத்திரி போடுகிறோம். தசைக்குப் பலம் வருகிறது, உயரம் வருகிறது, கொழுப்பு குறைகிறது. அமெரிக்காவில் 2000இலேயே ப்ராடர் வில்லி குழந்தைகளுக்கு இந்த ஊசியை அனுமதித்துவிட்டார்கள். ஆரம்பிப்பதற்கு முன் தூக்கத்தில் மூச்சு எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள்.

முழுக்கக் குணமாக்கும் மருந்து இல்லைதான். ஆனாலும் பெயர் தெரிந்ததால் என் மகளுக்குக் கிடைத்தது நிறைய.

சேலத்து டாக்டர்:

குழந்தை மருத்துவர் என்ற முறையில் சொல்கிறேன். குழந்தையைத் தொட்டுப் பார்க்காமல் இணையத்தில் நோய் சொல்வது தப்பு, அதை நான் செய்ய மாட்டேன். ஆனால் துவண்டு கிடக்கும் குழந்தையிடம் எந்தக் கேள்வியை எந்த வரிசையில் கேட்க வேண்டும் என்று சொல்லலாம். உங்கள் டாக்டரிடம் பேச அது உதவும்.

முதல் கேள்வி, கோளாறு மூளையிலா, நரம்பு தசையிலா? இதற்கு ஸ்கேன் தேவையில்லை, ஒரு சின்னச் சுத்தியல் போதும். முழங்காலுக்குக் கீழே தட்டினால் கால் துள்ளுகிறதா? துள்ளவே இல்லை, கையும் காலும் அசைவதே அபூர்வம், ஆனால் முகமும் கண்ணும் படு சுறுசுறுப்பு, நாக்கின் ஓரத்தில் மெல்லிய துடிப்பு, மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சு உள்வாங்கி வயிறு மட்டும் எழும்புகிறது என்றால் எஸ்எம்ஏ எனும் முதுகுத்தண்டுத் தசைச்சிதைவைத்தான் முதலில் நினைக்க வேண்டும். அதில் சிபிகே பெரும்பாலும் நார்மலாகவே வரும், ஆகவே அந்த ரிப்போர்ட்டை வைத்து எஸ்எம்ஏ இல்லை என்று முடிவு கட்ட முடியாது. எஸ்எம்என்1 என்ற மரபணுவுக்குத் தனிச் சோதனை இருக்கிறது, ஒரு நாளும் தள்ளாமல் எடுக்க வேண்டியது அது.

அடுத்து, சரிசெய்யக் கூடியது எதையாவது விட்டுவிட்டோமா? தைராய்டு பார்த்துவிட்டீர்கள், நல்லது. நம் ஊரில் அடிக்கடி மறந்துபோவது வைட்டமின் பி12. தாய்க்குக் குறைவாக இருந்து, குழந்தை தாய்ப்பால் மட்டும் குடித்தால், ஐந்தாறு மாதத்திலிருந்து குழந்தை துவளும், சோர்ந்துபோகும், விரல் முட்டி கறுக்கும். ஊசி போட்டால் தேறும். உங்கள் மகனுக்குப் பிறந்ததிலிருந்தே இருப்பதால் இது மட்டுமே காரணமாக இருக்காது, இருந்தாலும் உங்களுக்கும் அவனுக்கும் பி12 பார்த்துவிடுங்கள். பயோடினிடேஸ் குறைபாடு என்று ஒன்று, பயோட்டின் என்ற வைட்டமினை உடம்பு சரியாகப் பயன்படுத்தாத நோய், பயோட்டின் மாத்திரையிலேயே கட்டுப்படும். நெஞ்சு எக்ஸ்ரேயில் இதயம் பெரிதாக இருந்தால் போம்பே (Pompe) எனும் தசை நோயா என்று பார்க்க வேண்டும், அதற்கு 2006 முதல் என்சைம் மருந்து இருக்கிறது. இவை அபூர்வம்தான், ஆனால் தவறவிட்டால் திரும்பப் பெற முடியாதவை, அதனால்தான் முன்வரிசையில் வைக்கிறோம்.

அப்புறம், தாயைப் பார்க்க வேண்டும். இதை நான் எங்கள் பயிற்சி மருத்துவர்களிடம் ஓயாமல் சொல்வேன். துவண்ட குழந்தையைக் கொண்டுவரும் அம்மாவிடம் கைகுலுக்குங்கள். குலுக்கியபின் விரல்களை உடனே விரிக்க முடியாமல் ஒவ்வொன்றாகப் பிரிக்கிறாரா? கண்ணை இறுக்கி மூடச் சொன்னால் இமைமயிர் முழுக்க வெளியே தெரிகிறதா? அப்படியானால் மயோடோனிக் டிஸ்ட்ரோபி, இறுகிய தசை உடனே தளராத நோய். அந்த அம்மாவுக்கே தனக்கு நோய் இருப்பது தெரிந்திருக்காது, குழந்தையின் மேலுதடு கூடாரம் போல் கூம்பி நிற்கும். இது 19வது குரோமோசோமில் மூன்றெழுத்து ஒன்று திரும்பத் திரும்ப நீண்டுபோவதால் வருவது. இதற்கும் தனிச் சோதனைதான்.

இதையெல்லாம் பார்த்தபின் ப்ராடர் வில்லி. வைகைக்கரை அம்மா சொன்னது கவனிக்க வேண்டிய விஷயம். நீங்கள் எழுதியதில் விரை இறங்காததும் இருக்கிறது, இந்த நோயுள்ள ஆண் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு அது இருக்கும். நெற்றி ஒடுங்கி, கண் பாதாம் வடிவில், எச்சில் பிசுபிசுப்பாக, கையும் பாதமும் சிறியதாக இருக்கிறதா என்று பார்ப்போம். ஆனால் ஐந்து மாதத்தில் முகம் தெளிவாகக் காட்டிக்கொடுக்காது, அதற்காகக் காத்திருக்கவும் கூடாது. பிறந்தது முதல் 2 வயதுவரை உடல் துவண்டு, பால் உறிஞ்சச் சிரமப்பட்டாலே இந்தச் சோதனைக்குப் போதுமான காரணம் என்று 2001இல் வந்த பரிந்துரையே சொல்கிறது. சூரிச்சில் ப்ராடர், லாப்ஹார்ட், வில்லி என்ற மூவர் 1956இல் இதை முதலில் எழுதியபோது, குட்டையாக, பருமனாக வளர்ந்துவிட்ட பிள்ளைகளைப் பார்த்துத்தான் எழுதினார்கள். இன்று நமக்கு அத்தனை வருடம் காத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

பிறக்கும்போது ஆக்ஸிஜன் குறைந்தது என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிறைமாதக் குழந்தைக்கு மூளை பாதிக்கும் அளவுக்கு ஆக்ஸிஜன் குறைந்திருந்தால் முதல் சில நாளிலேயே வலிப்பு, நினைவு மங்கல் என்று பெரிய கலவரம் நடந்திருக்கும், எம்ஆர்ஐயிலும் பெரும்பாலும் தடம் இருக்கும். பிறந்ததும் அழுதிருக்கிறான், வலிப்பு இல்லை, எம்ஆர்ஐ சுத்தம். அந்தக் காரணத்தை நான் அப்படியே ஏற்க மாட்டேன். டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துக்கொண்டு இன்னொருவரிடம் காட்டுங்கள்.

ஆச்சி வீடு:

மகளே, பேரன் பேத்தி எடுத்தவள் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. என் இளைய மகனும் மந்தமாகத்தான் இருந்தான், ஒன்றரை வயது தாண்டித்தான் நடந்தான், இன்று பஸ் ஓட்டுகிறான். பச்சைப்பிள்ளையைக் குத்திக் குத்தி இரத்தம் எடுத்து ஏதாவது ஒரு பேரைச் சூட்டிவிட்டால் அந்தப் பேர் காலம் முழுக்க அவன் கூடவே வரும். சிரிக்கிறான் என்கிறாயே, அது நல்ல அடையாளம். கொஞ்சம் பொறுத்துப் பார்.

கொங்கு அப்பா:

ஆச்சி, உங்கள் பாசம் புரிகிறது, உங்கள் பேச்சில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் “பொறுத்துப் பார்” என்ற வார்த்தையை என்னால் சும்மா கடந்துபோக முடியவில்லை. என் பையனுக்கு எஸ்எம்ஏ. ஆண் குழந்தை, மெதுவாகத்தான் வரும் என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள், வெள்ளைக் கோட்டுப் போட்டவர்கள் உட்பட. அந்த நோயில் தசையை அசைக்கிற நரம்பு செல்கள் நாளுக்கு நாள் செத்துக்கொண்டிருக்கும், செத்தது மறுபடி வராது. 2016 முதல் நுசினெர்சென், மரபணு சிகிச்சை, வாய்வழி கொடுக்கும் ரிஸ்டிப்ளாம் என்று வரிசையாக மருந்து வந்துவிட்டது. எல்லாமே மிச்சமிருப்பதைக் காப்பாற்றும், போனதைத் திருப்பித் தராது. அதனால் எத்தனை மாதத்தில் கண்டுபிடிக்கிறோம் என்பதில்தான் அந்தப் பிள்ளை உட்காருமா, நிற்குமா என்பதே இருக்கிறது.

சகோதரி, உங்கள் பையனுக்கு அது இல்லாமலே இருக்கட்டும். நாளைக்கே போய் முழங்காலில் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை.

இன்னொன்று, பெயர் தெரியும்வரை பிசியோதெரபிக்குக் காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு மாவட்டத் தலைநகரிலும் அரசு மருத்துவமனையோடு சேர்ந்து ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையம் இருக்க வேண்டும் என்பது 2013இல் வந்த ஆர்பிஎஸ்கே எனும் மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டம். அங்கே இலவசமாகப் பார்ப்பார்கள். எப்படிப் படுக்க வைப்பது, எப்படித் தூக்குவது, பால் புகட்டும்போது தலையை எங்கே தாங்குவது, எல்லாம் சொல்லித்தருவார்கள். எங்கள் பையன் தலையைத் திருப்பப் பழகியது அங்கேதான்.

ஆவாரம்பூ:

இவ்வளவு பேர் இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. அழுதுகொண்டேதான் படித்தேன். ஆச்சி, உங்கள் மேல் எனக்கு வருத்தமே இல்லை.

இன்று எங்கள் குழந்தை மருத்துவரிடம் போய் இதையெல்லாம் கேட்டேன். நல்ல மனுஷர், கோபப்படவில்லை. சுத்தியலால் தட்டினார், கால் லேசாகத் துள்ளியது. நாக்கு, மூச்சு எல்லாம் பார்த்தார், எஸ்எம்ஏ போல் இல்லை, ஆனாலும் அந்தச் சோதனையையும் சேர்த்தே அனுப்பலாம் என்றார். என் கையைக் குலுக்கச் சொன்னதும் சிரித்தார், அப்புறம் குலுக்கிப் பார்த்தார், ஒன்றுமில்லை. பி12க்கு இருவருக்கும் இரத்தம் எடுத்தாயிற்று. மெத்திலேஷன் சோதனைக்குச் சரி என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். மரபணு மருத்துவரையும் ஒருமுறை பாருங்கள் என்கிறார், எங்கே போவது என்றுதான் தெரியவில்லை.

ஒன்று மட்டும் நேராகச் சொல்லுங்கள். நாங்கள் சொந்தத்தில் கட்டியதால்தான் இவனுக்கு இப்படி ஆனதா? அடுத்து ஒரு பிள்ளை பெற்றுக்கொள்ளலாமா?

நீலமலை ஆலோசகர்:

மரபணு ஆலோசனைதான் என் வேலை. சொந்தத் திருமணம் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைத்தான் நீங்கள் மனதில் சுமந்துகொண்டிருக்கிறீர்கள்.

ப்ராடர் வில்லி என்று வந்தால், அதற்கும் சொந்தத்தில் கட்டியதற்கும் சம்பந்தமே இல்லை. 15வது குரோமோசோமில் ஒரு பகுதி, அதில் சில மரபணுக்கள் அப்பா தந்த பிரதியில் மட்டும்தான் வேலை செய்யும், அம்மா தந்தது ஊமையாக இருக்கும். இது எல்லோருக்கும் அப்படித்தான். பாதிக்கப்பட்ட குழந்தைகளில் 10 பேரில் ஆறேழு பேருக்கு அப்பா தந்த பிரதியில் அந்தத் துண்டு விடுபட்டிருக்கும். மீதிப் பேரில் பெரும்பாலோருக்கு இரண்டு பிரதியுமே அம்மாவிடமிருந்து வந்திருக்கும், அப்பாவுடையது வந்தே இருக்காது. கரு உருவாகும் கட்டத்தில் தற்செயலாக நடப்பது இது. நீங்கள் சாப்பிட்டது, தூக்கியது, கட்டிக்கொண்டது எதுவும் காரணம் இல்லை. இந்த இரண்டு வகையிலும் அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு 1 விழுக்காட்டுக்கும் கீழே. மிக அரிதான ஒரு வகையில் மட்டும், அப்பாவிடமே அந்தக் கோளாறு ஒளிந்திருந்தால், 50 விழுக்காடு வரை போகலாம். அதனால்தான் மெத்திலேஷன் பாசிட்டிவ் என்றதோடு நிறுத்தாமல் எந்த வகை என்றும் பார்க்கச் சொல்வோம்.

எஸ்எம்ஏ, போம்பே, பயோடினிடேஸ் குறைபாடு இவையெல்லாம் வேறு கதை. அம்மா, அப்பா இருவரிடமும் ஒரே மரபணுவில் ஒளிந்திருக்கும் பிழை குழந்தையிடம் சேரும்போது வருபவை, ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. நெருங்கிய சொந்தத்தில் கட்டினால் இந்த வகை நோய்களுக்கான வாய்ப்பு கூடும் என்பது உண்மைதான், அதை மறைக்கக் கூடாது. ஆனால் சொந்தத்தில் கட்டாதவர்களுக்கும் இவை வருகின்றன. காரணம் தெரியாமலே ஒரு பெண்ணின் மேல் பழி போடுவதை எந்த ரிப்போர்ட்டும் நியாயப்படுத்தாது. காரணம் உறுதியானால் அடுத்த கர்ப்பத்தில் 11 வாரத்துக்குமேல் நஞ்சுக்கொடித் திசு எடுத்துச் சோதிக்கலாம். எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தால்தான் அது முடியும், அதனால் இவனுடைய ரிப்போர்ட் வரும்வரை அடுத்ததைப் பற்றி முடிவெடுக்க வேண்டாம்.

இனி எக்ஸோம். நல்ல சோதனை, நான் தினமும் எழுதிக் கொடுப்பதுதான். ஆனால் அது மரபணுக்களின் எழுத்துப் பிழையைத் தேடும். ப்ராடர் வில்லியில் பெரும்பாலும் எழுத்துப் பிழை இருக்காது, அப்பா தந்த துண்டு இருக்கிறதா, எந்தப் பிரதி யாரிடமிருந்து வந்தது, எது ஊமை என்பதில்தான் கோளாறு. அது மெத்திலேஷனில் தெரியும், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் பிடித்துவிடும். எஸ்எம்என்1 பக்கத்திலேயே கிட்டத்தட்ட அதே மாதிரி எஸ்எம்என்2 என்று ஒன்று இருப்பதால் எக்ஸோம் அங்கேயும் தடுமாறும். மயோடோனிக் டிஸ்ட்ரோபியில் நீண்டுபோகும் எழுத்துகளும் அதில் சரியாக விழாது. ஆக, துவண்ட குழந்தைக்கு முக்கியமான மூன்று காரணங்களை எக்ஸோம் கோட்டைவிடலாம். எக்ஸோம் நார்மல் என்று வந்த ரிப்போர்ட்டோடு வருடக்கணக்காக அலையும் குடும்பங்களைப் பார்க்கிறேன், மனசு கொதிக்கிறது, ஏனென்றால் விலை குறைந்த சோதனையை முதலில் எடுத்திருந்தால் போதும்.

மெத்திலேஷனும் எஸ்எம்என்1உம் நெகட்டிவ் என்றால் அப்போது எக்ஸோமுக்குப் போங்கள். கூடவே உங்கள் இருவர் இரத்தமும் வேண்டும், மூன்றையும் ஒப்பிட்டால்தான் குழந்தையிடம் மட்டும் புதிதாக வந்த மாற்றம் எது என்று தெரியும். “முக்கியத்துவம் உறுதியாகவில்லை” என்று ஒரு மாற்றத்தைப் போட்டு ரிப்போர்ட் வந்தால் பயந்துவிடாதீர்கள், அது நோய் என்று அர்த்தமில்லை. வெளிநாட்டுத் தரவுகளில் இல்லாதது நம் மக்களிடையே சாதாரணமாக இருக்கலாம். ஜீனோம் இந்தியா திட்டத்தில் 10,000 இந்தியர்களின் மரபணுத் தொகுப்பைப் படித்து வைத்திருப்பது இதற்கெல்லாம்தான் உதவப்போகிறது.

எங்கே போவது என்று கேட்டீர்கள். வேலூர் சிஎம்சியில் மருத்துவ மரபியலுக்குத் தனித் துறை இருக்கிறது, உங்களுக்குத் தூரம்தான், ஆனாலும் ஒருமுறை போய்வாருங்கள். பெங்களூரில் மனித மரபியல் மையம், ஹைதராபாத்தில் சிடிஎஃப்டி எனும் டிஎன்ஏ ஆய்வு மையம், இவை இரண்டும் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையில் சிறப்பு மையங்கள். 2021இல் வந்த அந்தக் கொள்கையில் பட்டியலில் உள்ள நோய்களுக்கு, 2022 முதல் ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. பணம் குடும்பத்தின் கையில் வராது, மையத்துக்குப் போகும். ப்ராடர் வில்லிக்கு வளர்ச்சி ஹார்மோன் அந்தப் பட்டியலில் இருக்கிறது, எஸ்எம்ஏவும் இருக்கிறது. பதிவு சிறப்பு மையத்தில்தான் நடக்கும், அதனால் நோய் உறுதியானதும் தாமதிக்காமல் பேசுங்கள்.

போகும்போது கர்ப்பகால ஸ்கேன்கள், டிஸ்சார்ஜ் சம்மரி, இதுவரை எடுத்த எல்லா ரிப்போர்ட்டின் நகல், வாரவாரம் எடை குறித்த சீட்டு, பிறந்த அன்று எடுத்த போட்டோ, பால் குடிக்கும்போது எடுத்த வீடியோ, உங்கள் இருவரின் கைக்குழந்தைப் பருவப் போட்டோ கிடைத்தால் அதுவும் கொண்டுபோங்கள். அப்பாவுக்கும் அதே மூக்கு, அதே நெற்றி என்றால் அது நோயின் அடையாளம் இல்லை, குடும்ப ஜாடை. பல நேரம் அந்தப் பழைய போட்டோதான் எங்களுக்கு விடை சொல்லும்.

வைகைக்கரை:

ஆலோசகர் எல்லாம் தெளிவாகச் சொல்லிவிட்டார். தங்கச்சி, உரம் எடுப்பதைப் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். தயவுசெய்து அதற்குச் சம்மதிக்காதீர்கள். சேலையில் போட்டு அங்கும் இங்கும் உருட்டுவது கழுத்தில் பிடிமானமே இல்லாத பிள்ளைக்கு ஆபத்து. அத்தை கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பேரனுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று கை பரபரக்கிறது. அவரையே பிசியோதெரபிக்குக் கூட்டிப்போய் தெரபிஸ்ட் சொல்லித்தரும் பயிற்சியைச் செய்ய வையுங்கள். எங்கள் வீட்டில் மாமியார்தான் தினமும் அதைச் செய்தார், மற்ற பேச்சு தானாக நின்றுவிட்டது.

சேலத்து டாக்டர்:

அதோடு சேர்த்து, மூக்கில் எண்ணெய் விடுவது, படுக்க வைத்து வாயில் ஊற்றுவது இரண்டும் வேண்டாம். விழுங்கும் பலம் குறைவான குழந்தைக்குப் பாலும் எண்ணெயும் நுரையீரலுக்குள் போய்விடும். தலையை நன்றாக உயர்த்திப் பிடித்து, ஒவ்வொரு வாயையும் விழுங்கியபின் அடுத்ததைக் கொடுங்கள். இருமினால், குரல் நனைந்த மாதிரி கரகரத்தால், பால் குடிக்கும்போது உதடு நீலம் பூத்தால் நிறுத்திவிட்டு உடனே வாருங்கள். மறுபடி கொஞ்ச நாள் டியூப் போடச் சொன்னால் மறுக்காதீர்கள், எடை ஏறாமல் போனால் மூளை வளர்ச்சிக்கே குறை.

விரைக்கு ஆபரேஷன் தேதி குறித்தால், மயக்க மருத்துவரிடம் இந்தச் சந்தேகம் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லுங்கள். துவண்ட குழந்தைக்கு மயக்கம் கொடுப்பதில் தனிக் கவனம் வேண்டும். நோய் என்ன என்று தெரிந்தபின் செய்தால் இன்னும் நல்லது, மெத்திலேஷன் ரிப்போர்ட் சில வாரத்தில் வந்துவிடும், ஒரு வயதுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

ஆவாரம்பூ:

சரி டாக்டர், அப்படியே செய்கிறேன். இரத்தம் கொடுத்தாயிற்று, ஊதா மூடி போட்ட சின்னக் குழாயில் எடுத்தார்கள். வேலூருக்கு என் கணவரே போன் பண்ணி அடுத்த மாதத்துக்கு முன்பதிவு வாங்கிவிட்டார். அவருடைய குழந்தைப் போட்டோவை அத்தை பீரோவில் தேடிக்கொண்டிருக்கிறார். ரிப்போர்ட் வந்ததும் என்ன வந்தாலும் இங்கே எழுதுகிறேன். வைகைக்கரை அக்கா, உங்கள் நம்பரைத் தனிச்செய்தியில் அனுப்புவீர்களா? அந்தச் சமையலறைப் படத்தைப் பார்க்க வேண்டும்.